படைப்பிரிவுக்கு இட்ட பொட்டு

கொடைக்கானல் ஏரிக்கு மேற்புறச் சரிவில் வாழ்ந்த பிரித்தானியர் ஒருவரின் தோட்டத்தை என் தந்தையார் பேணிவந்தார். அவ்வீட்டின் பின்கட்டிலேயே குடியிருந்தோம். கப்பலிலிருந்து கரையிறங்கிப் போர்புரியும் படையில் பதினெட்டாம் வயதில் சேர்ந்து, ஜெனரலாக உயர்ந்து, ஓய்வுபெற்றவர் அவர். கடலிலேயே காலங்கழித்தவர் கடல் தெரியாத மலைக்கு ஏன் வந்தார் என்று எவரும் கேட்டதில்லை. ஜெனரல் துரை என்று அழைத்ததோடு சரி.

எனக்கு எட்டு வயதான ஆண்டின் ஆயுதபூசையன்று காலை துரை உலாவப் போயிருந்தார். மண்வெட்டிக்கும் கத்தரிக்கும் சந்தனமிட்டுக்கொண்டிருந்த தந்தையார், கூடத்தில் மாட்டியிருந்த துரையின் வாளுக்கும் ஒரு பொட்டு வைத்துவர என்னை அனுப்பினார். அதற்குத் துரையின் இசைவு உண்டு. வாளுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய படம். அவர் முதன்முதல் தலைமையேற்ற படைப்பிரிவு, போருக்குக் கப்பலேறுமுன் மூன்று வரிசையாக எடுத்துக்கொண்டது. எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த படங்கள் யாவற்றிலும் பொட்டு உண்டு. ஆதலால் முக்காலியில் ஏறி, நடுவில் அமர்ந்திருந்த துரை உட்பட, ஒருவரையும் விடாமல் வைத்தேன்.

என்னைத் தேடிவந்த தந்தையார் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

“அடிப்பாவி! உசுரோட நடமாடுற மனுசனுக்குப் படத்துல பொட்டு வைப்பாகளா? நாளைக்கே நம்ம சட்டிபானையத் தூக்கி வெளிய வச்சிருவாரே!”

“பிள்ளைய ஏன் வையிறீக? எதுக்கு வைக்கணும், எதுக்கு வைக்கக் கூடாதுன்னு சொல்லியா அனுப்புனீக?” என்றார் பின்னால் வந்த தாயார். “வெரசாத் தொடைங்க. தொரை வாராரு!”

தந்தையார் ஈரத்துண்டை உயர்த்துமுன் துரை உள்ளே வந்துவிட்டார். தந்தையாருக்குப் பொய் வரவில்லை.

“மன்னிச்சிருங்க தொரை. செத்தவுக படத்துக்குத்தான் பொட்டுன்னு சின்னப்புள்ளைக்குத் தெரியாது.”

துரை வெகுநேரம் படத்தையே பார்த்தார். பிறகு துண்டை வாங்கிக்கொண்டு, “நான் செய்றேன்” என்றார்.

முதலில் தம் முகத்தைத் துடைத்தார். அடுத்து வலப்புறம் இருந்தவரை. முன்வரிசையில் ஒருவரிடம் சற்றே நின்று, ஏதோ பெயரை முணுமுணுத்து, துடைக்காமலே தாண்டினார். நடுவரிசையில் இருவரையும், பின்வரிசையில் சேர்ந்தாற்போல நால்வரையும் தாண்டினார். இறுதியில் துண்டை நான்காக மடித்து மேசைமேல் வைத்தார்.

“நல்ல வழக்கம்” என்று மட்டும் சொன்னார்.

வேலைக்குப் பழுதில்லை என்று தந்தையார் பெருமூச்சுவிட்டார். எனக்கோ குறை தீரவில்லை. இன்னும் ஏழு பேர் நெற்றியில் பொட்டு அப்படியே இருந்தது. இவ்வளவு பெரிய படையை நடத்தியவருக்கு ஒரு வேலையை முழுதாக முடிக்கத் தெரியவில்லையே என்று எண்ணி, “மிச்சத்த நான் தொடைக்கவா தொரை?” என்று துண்டை எடுக்கப் போனேன்.

தாயார் என் கையைப் பற்றிக்கொண்டார். வலிக்கும் அளவுக்கு ஏன் பற்றினார் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.