ஐப்பசி நட்டம், மாசி லாபம்

நான் எழுதிக் கொடுத்த ஒரு தாளால் ஒரு மனிதரின் முதுகு புண்ணாகி அழுகியது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கணக்கு வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் வந்து, "அந்தக் காலத்துல கம்ப்யூட்டர் இல்லாம எப்படிண்ணே சமாளிச்சீங்க?" என்று கேட்கிறார்கள். நாங்கள் ஒன்றும் சமாளிக்கவில்லை. கூட்டல் சரியாகத்தான் இருந்தது, ஒரு பைசா உதைக்கவில்லை. அப்படியும் அந்தத் தாள் பொய் சொன்னது.

1. கடையிலிருந்து கட்டிலுக்கு

போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் பன்னிரண்டு வருடம் கணக்கு எழுதினேன். எழுபதுகளின் கடைசியில் எங்கள் முதலாளி, ஒரு டாக்டரையும் இரண்டு வியாபாரிகளையும் சேர்த்துக்கொண்டு ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஆரம்பித்தார். வயதானவர்களுக்கான நர்சிங் ஹோம். இருபது கட்டில். முதலாளி சேர்மன் ஆனார். டாக்டர் வைத்தியம் பார்த்தார். மற்ற இரண்டு பேரும் சேர்மன் தலையாட்டினால் தலையாட்டுவார்கள்.

அப்போது போடியில் அப்படி ஒரு இடம் யாரும் கேள்விப்பட்டதில்லை. "பெத்தவுகளப் பாக்க ஆளு வச்சுக் காசு வாங்குறதா?" என்று ஊரே சிரித்தது. சேர்மன் கவலைப்படவில்லை. மலையில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஆடி முடிந்து ஏலப்பழம் எடுக்க ஆரம்பித்தால் தை வரைக்கும் வீட்டில் ஓர் ஆள் இருக்காது. புருஷன், பெண்டாட்டி, வளர்ந்த பிள்ளை எல்லோரும் ஏலக்காட்டில். இடுப்பொடிந்து கிடக்கும் கிழவனுக்கு யார் தண்ணீர் கொடுப்பது? அதனால் போடிமெட்டுக்கு மேலே இருந்து ஜீப்பில் படுக்கவைத்துக் கொண்டுவந்து எங்களிடம் விட்டார்கள். ஆவணியில் இருபது கட்டிலும் நிறைந்துவிடும். மாசியில் ஒவ்வொருவராகத் திரும்ப ஏற்றிக்கொண்டு போவார்கள். கோடையில் ஐந்தாறு பேர் மிஞ்சுவார்கள்.

பணமும் அப்படித்தான். சேர்க்கும்போது கையில் இருப்பதைக் கொடுப்பார்கள். மிச்சம், காய் காய்ந்து, ஏலத்தில் விற்று, கடைசி எடை போட்ட பிறகு. மலை முழுக்க அதுதான் வழக்கம். மளிகைக் கடையும் அப்படி, துணிக் கடையும் அப்படி, எங்களுக்கும் அப்படி. ஏமாற்றியவர் ஒருவர்கூட இல்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

2. நான் எழுதிய தாள்

கட்டடத்துக்கு பேங்கில் கடன் வாங்கியிருந்தோம். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குவார்ட்டர்லி ஸ்டேட்மென்ட் போட வேண்டும். அந்தத் தாளை வைத்து டைரக்டர்கள் கூட்டம் நடக்கும்.

எனக்குக் கடைக் கணக்குதான் தெரியும். இடது பக்கம் வந்தது, வலது பக்கம் போனது, அடியில் மிச்சம். அப்படியே எழுதினேன். முதல் வருடம் முடிந்து நான்கு தாளையும் வரிசையாக மேஜையில் வைத்தபோது வேடிக்கை ஆகிப்போனது. கட்டில் நிறைந்திருந்த இரண்டு குவார்ட்டரும் நட்டம். கட்டில் காலியான இரண்டும் லாபம்.

சேர்மன் நான்கு தாளையும் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"ஏப்பா சுருளி, ஆளு கூடுனா நட்டம், ஆளு கொறஞ்சா லாபம். என்னய்யா தொழில் இது?"

"கணக்கு அப்படித்தான் வருது மொதலாளி."

இந்த ஒரு பதிலுக்கு என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். ஏன் அப்படி வருகிறது என்று நான் யோசிக்கவில்லை. கூட்டல் சரி, என் வேலை முடிந்தது என்று நின்றேன்.

"அப்ப பத்துக் கட்டிலு போதும். எட்டு ஆயா எதுக்கு? நாலு பேர வச்சுக்க."

டாக்டர் லேசாக இருமினார். "படுக்கையில இருக்கிறவங்களைப் பார்க்க ஆள் வேணுமே..."

"டாக்டரே, நீங்க ஊசியப் பாருங்க. நான் காசப் பாக்குறேன்."

நான்கு ஆயாக்களை நான்தான் கூப்பிட்டுக் கணக்கு முடித்து அனுப்பினேன். ஒருத்தி போகும்போது கேட்டாள்: "ஆவணி வந்தா என்னண்ணே செய்வீக?" நான் அடுத்தவளைக் கூப்பிட்டேன்.

ஆவணி வந்தது. கட்டில் பத்தோடு நின்றதா? நிற்கவில்லை. சேர்மன் கடைக்குக் காய் போடுகிறவர்கள் அவரிடமே போய் நின்றார்கள். அவர் முகம் முறிக்க மாட்டார். "இவரைச் சேர்த்துக்கொள்ளவும்" என்று துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார். பத்துக் கட்டில் போதும் என்ற அதே கையால் பத்துச் சீட்டு எழுதினார். இருபது கட்டிலும் நிறைந்தது. ஆயா நான்கு பேர்தான்.

3. ஏழாம் நம்பர்

எங்கள் ஹெட் நர்ஸ் அன்னம்மா சிஸ்டர் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக்காரர். எழுந்திருக்க முடியாத ஒவ்வொருவர் கட்டிலிலும் ஓர் அட்டை தொங்கவிட்டிருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இடம், வலம், மல்லாக்க. திருப்பினவர் அட்டையில் நேரத்தை எழுத வேண்டும். ஒரே பக்கமாகக் கிடந்தால் தோல் செத்துவிடும். பிறகு சதை. அவ்வளவுதான் விஷயம். மருந்தைவிட இதுதான் முக்கியம், இதற்கு ஆள்பலம் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

ஐப்பசியில் ஒருநாள் காலையில் சிஸ்டர் ஆபீசுக்குள் வந்தார்.

"சாரே, ஒரு கை பிடிக்கணும். பகல் ஆயா ரெண்டு பேரும் அந்தப் பக்கம் பெட் மாத்துது."

"நானா? எனக்கு லெட்ஜர்ல சோலி கெடக்கு சிஸ்டர்."

"லெட்ஜருக்குப் புண்ணு வராது சாரே. வாங்க."

ஏழாம் நம்பரில் பெருமாள் கங்காணி. எஸ்டேட்டில் முப்பது பேரை மேய்த்தவர். காய் உலர்த்தும் ஸ்டோரின் ஈரப் படியில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்து எங்களிடம் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். நான் தோளைப் பிடித்தேன். சிஸ்டர் இடுப்பைப் பிடித்து ஒருக்களித்தார். நாற்றம் முகத்தில் அடித்தது. முதுகுக்குக் கீழே, உட்காரும் எலும்புக்கு மேலே, என் உள்ளங்கை அகலத்துக்குப் புண். நடுவில் கறுப்பு.

"எப்ப இருந்து?"

"நாலு ஆயா கையில இருபது பெட் ஆனப்ப இருந்து" என்றார் சிஸ்டர். அட்டைகளைக் கழற்றி என் கையில் கொடுத்தார். ஆடி மாத அட்டையில் கட்டத்துக்குக் கட்டம் நேரம் எழுதியிருந்தது. புரட்டாசி அட்டையில் பாதிக் கட்டம் காலி.

கங்காணி சுவரைப் பார்த்தபடி சிரித்தார். "என்னப்பு கணக்குப்பிள்ளை, இன்னைக்கி எடை போட வந்தீகளா? நான் நல்லா காஞ்சுட்டேன், ஈரத்துக்குக் கழிவு கெடையாது."

அவர் மகன் முத்தையா அன்றைக்கே ஜீப்பில் வந்து இறங்கினான். அப்பனைப் பார்த்துவிட்டு நேராக என் மேஜைக்கு வந்தான்.

"அண்ணே, நான் காசு குடுக்காம ஓடிப் போயிருவேன்னு நெனச்சீகளா?"

"இல்ல முத்தையா."

"பின்ன ஏன் இப்புடிப் போட்டு வச்சிருக்கீக? காயி ஸ்டோர்ல கெடக்கு. தையில வித்ததும் மொத ரூவா ஒங்களுக்குத்தான். அது தெரிஞ்சுதானண்ணே சேத்தீக? எங்கப்பன நான் மேலயே கொண்டுபோறேன். புண்ணு வச்சுச் சாகுறதுக்கு எதுக்கு இம்புட்டுத் தூரம் எறக்கணும்?"

"ஒரு வாரம் குடு."

"என்ன செய்வீக ஒரு வாரத்துல?"

எனக்கே தெரியவில்லை. ஆனால் அவன் சொன்னதில் ஒன்று மண்டையில் இறங்கியிருந்தது. காய் ஸ்டோரில் கிடக்கிறது.

4. கிட்டங்கி

எங்கள் கடையில் புரட்டாசி, ஐப்பசியில் காசு தண்ணீராகப் போகும். மூட்டை மூட்டையாக வாங்கிக் கிட்டங்கியில் அடுக்குவோம். அந்த மாதத் தாளைப் பார்த்தால் போக்கு மட்டும்தான் இருக்கும். ஆனால் முதலாளி ஒருநாளும் அதை நட்டம் என்று சொன்னதில்லை. கிட்டங்கிக் கதவைத் திறந்தால் மூட்டை தெரியும், மணம் மூக்கில் ஏறும். தாளில் எழுதாததைக் கண் பார்த்துக்கொண்டது. பன்னிரண்டு வருடம் நான் எழுதிய பாதிக் கணக்குதான் தாளில் இருந்தது. மீதி கிட்டங்கியில் இருந்தது. நர்சிங் ஹோமில் அந்தக் கிட்டங்கி யார் கண்ணுக்கும் தெரியவில்லை. ஏலக்காய் வியாபாரம் தெரிந்தவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. நானும் முதலாளியும் சேர்ந்து செய்தோம்.

பழைய தாள்களை எல்லாம் எடுத்து வேறு மாதிரி எழுதினேன். மேலே முதல் வரியில் கட்டில்: எத்தனை கட்டிலில், எத்தனை நாள் ஆள் இருந்தது என்று. அதற்குக் கீழே அந்த நாட்களுக்கான கட்டணம், கைக்கு வந்திருந்தாலும் வராவிட்டாலும். பிறகுதான் செலவு. போன வருட ஐப்பசி குவார்ட்டரில் லாபம் வந்தது. கோடைதான் நட்டம். இரண்டு தடவை சரிபார்த்தேன்.

அந்த வாரமே கூட்டம். சேர்மன் பழைய மாதிரித் தாளை முன்கூட்டியே வாங்கிப் பார்த்துவிட்டு சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார்.

"பாத்தீகளா டாக்டரே? ஆயாவக் கொறச்சதும் நட்டம் பாதியாயிருச்சு. இன்னும் ரெண்டு பேர அனுப்பிரலாம்."

"மொதலாளி, அந்தத் தாளு தப்பு" என்றேன்.

"கூட்டல்ல தப்பா?"

"கூட்டல் சரி. தாளே தப்பு. ஒங்க கிட்டங்கியில இப்ப எத்தன மூட்ட கெடக்கு?"

"அது எதுக்குய்யா இங்க?"

"சொல்லுங்க. வாங்குன காசெல்லாம் போயிருச்சே, கடை நட்டமா?"

"கூறுகெட்டவனே, மூட்ட உள்ள கெடக்கும்போது எப்புட்றா நட்டம்?"

"இங்கயும் இருவது மூட்ட கெடக்கு. மூச்சு விடுது. அதுல பாதி நீங்க துண்டுச் சீட்டு எழுதி அனுப்புன மூட்ட. தையில வித்துக் காசு வரும். அதுவரைக்கும் நனையாமப் பாத்துக்க நாலு பேரு போதும்னு சொல்றீக. ஒங்க கிட்டங்கிக்குக் காவல் எத்தன பேரு?"

ஆறு பேர். அது எல்லோருக்கும் தெரியும். மற்ற இரண்டு டைரக்டர்களும் சேர்மன் முகத்தைப் பார்த்தார்கள், எந்தப் பக்கம் தலையாட்டுவது என்று.

வாசலில் காத்திருந்த அன்னம்மா சிஸ்டர் உள்ளே வந்து அட்டைகளை மேஜையில் போட்டார். சேர்மன் புரட்டிவிட்டு, "எழுத மறந்திருப்பாளுக" என்றார்.

"மறந்தது அட்டையிலயா, முதுகிலயான்னு வந்து பாருங்க முதலாளி. பத்தடிதான்" என்றார் சிஸ்டர்.

டாக்டர் முதலில் எழுந்தார். அந்த மனிதர் கூட்டத்தில் தைரியமாகச் செய்த ஒரே காரியம் அது.

வார்டில் சிஸ்டர் யாரையும் விடவில்லை. "நீங்க தோளைப் பிடிங்க" என்று சேர்மனிடம் சொன்னார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு அவர் குனிந்து கங்காணியின் தோளைப் பிடித்தார். தனியாக முடியவில்லை. நானும் பிடித்தேன்.

"வாங்க மொதலாளி" என்றார் கங்காணி. "எம்மகன் காயப் பாத்தீகளா? பச்ச மாறாமக் காயவச்சிருக்கான். வெலயில ஏச்சுப்புடாதீக."

சிஸ்டர் துணியை விலக்கினார். சேர்மன் பார்த்தார்.

"இப்புடித் திருப்ப எத்தன ஆளு வேணும்?"

"ரெண்டு பேரு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம். எந்திரிக்க முடியாதவங்க பதினோரு பேரு இருக்கு."

அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். வியாபாரி அல்லவா, மனக்கணக்கில் எங்கள் எல்லோரையும்விட வேகம்.

"நாலு ஆயா பத்தாது" என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கத்தினார்: "இதைப் போன வருசமே சொல்றதுக்கு ஒனக்கு என்னடா கேடு?"

நியாயமான கேள்வி.

5. மாசி

போன நான்கு பேரில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள். நான்காமவள் வேறு வேலைக்குப் போய்விட்டாள், கூப்பிட்டும் வரவில்லை. அவள் செய்தது சரி. புதிதாக இரண்டு பேரைப் போட்டோம். அட்டையில் கட்டங்கள் நிறைந்தன. முத்தையா அப்பனைக் கொண்டுபோகவில்லை. ஆனால் வாரம் தவறாமல் வந்து முதலில் அட்டையைப் பார்ப்பான், அப்புறம்தான் அப்பனை. புண்ணின் கறுப்பை டாக்டர் வெட்டி எடுத்தார். உள்ளேயிருந்து சிவப்பாகச் சதை ஏறி வந்தது. தை கடைசியில் மூடியது.

மாசியில் முத்தையா வந்து சொன்னபடி முழுத்தொகையையும் எண்ணி வைத்தான். டிரெஸ்ஸிங் செலவை நான் பில்லில் போடவில்லை. அது கம்பெனி செய்த தப்பு, கம்பெனிதான் ஏற்க வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னேன். சேர்மன் முறைத்தார். ஆனால் மறுக்கவில்லை.

அந்த வாரம் கல்லா நிறைந்ததைப் பார்த்து அவர் குதித்தார். "பாத்தியா சுருளி, இந்தக் குவார்ட்டர் அடிச்சுருச்சு லாபம்!"

"இது ஐப்பசி லாபம் மொதலாளி. அப்ப திருப்பிப் படுக்கவச்சதுக்கு இப்ப காசு வருது."

பிறகு நான் இருந்தவரை ஒரு கூட்டம்கூட ஆபீசில் ஆரம்பிக்கவில்லை. வார்டில் ஆரம்பிக்கும். தாளில் கையெழுத்துப் போடுகிற டைரக்டர் முதலில் ஒருவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். எண்பதுகளில் கம்பெனி இன்னொரு மாடி கட்டியது. பேங்கிலிருந்து வந்தவர் என் தாளைப் பார்த்துவிட்டு, "லாபத்துக்கு மேலே எதற்குக் கட்டில் எண்ணிக்கை?" என்று கேட்டார். "அது இல்லாத லாபத்தை நான் நம்புவதில்லை" என்றேன்.

வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இவ்வளவுதான். கூட்டல் சரியாக இருந்தால் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். தாளில் ஒரு வரியைக் குறைக்கச் சொன்னால், அந்த வரி யார் உடம்பில் போய் விழுகிறது என்று எழுந்து போய்ப் பாருங்கள். நாற்காலியில் இருந்து பார்த்தால் தெரியாது.

பெருமாள் கங்காணி ஜீப்பில் முன் சீட்டில் உட்கார்ந்து மலை ஏறினார். ஏற்றிவிடும்போது அவர் இடுப்பைப் பிடித்தது நான்தான். வேட்டிக்கு மேலாகவே அந்தத் தழும்பு கைக்குத் தட்டுப்பட்டது. எத்தனையோ தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், தப்பானதைக் கிழித்துப் போட்டு வேறு எழுதியிருக்கிறேன். அது ஒன்றைத்தான் கிழிக்க முடியவில்லை.