கடுவன் குட்டிக்கு ஆகும் செலவு

நாய் வளர்க்கலாம் என்று முடிவெடுத்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்த என் கணவர் சட்டையைக்கூட மாற்றாமல் செல்போனில் கால்குலேட்டரைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். எதையும் அளந்துதான் செய்வார். நான் ஒரு மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். அதனால் எங்கள் வீட்டுக்குள் நாய்க்கு முன்னால் நாயின் கணக்கு வந்துவிட்டது.

“குட்டிக்குக் குடுக்குற காசு ஒரு காசே இல்ல. அதுக்கப்புறம் பத்துப் பன்னெண்டு வருசம் வருது பாரு, அதுதான் காசு” என்றார்.

தடுப்பூசிகள். வருடா வருடம் வெறிநோய் ஊசி. குடற்புழு மருந்து, உண்ணிக்கு மருந்து, பெல்ட்டு, சங்கிலி. தினமும் சோற்றோடு வேகவைக்கக் கறிக்கடைக் கோழிக் கழுத்து. சமயநல்லூரில் கட்டிய இந்தச் சிறிய வீட்டுக்கு மாதத் தவணை போக எங்கள் கையில் நிற்பது கொஞ்சம்தான். “மாசம் மூவாயிரம் இல்லாம நடக்காது” என்றார். “திடீர்னு சீக்கு வந்து படுத்துட்டா?” என்று கேட்டேன். அதற்கென்று தனியாக ஒரு தொகை சேர்ந்த பிறகுதான் குட்டி என்று முடிவானது. நான் தீபாவளிச் சேலையை விட்டேன். ஏழாவது படிக்கும் எங்கள் மகள் பிறந்தநாளுக்கு கேக் மட்டும் போதும் என்றாள். அம்மா இறந்த பிறகு எங்களோடு இருக்கும் அப்பா, வராந்தாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அரை வருடம் ஓடியது. பணம் சேர்ந்தது. பரவை தாண்டி உள்ளே போனால் ஒரு தோட்டத்தில் சிப்பிப்பாறைக் குட்டிகள் இருப்பதாக வீடியோ பார்த்து, போன் போட்டேன். “கடுவன் பத்தாயிரம், பொட்ட ஆறாயிரம். டீச்சர்ங்கிறீங்க, பாத்துச் செய்வோம், வாங்க” என்றார் தோட்டக்காரர். கடுவன்தான் வேண்டும் என்று சொல்லிவைத்தேன்.

நானும் கணவரும் பைக்கில் போனோம். தோட்டக்காரர் நல்ல மரியாதைக்காரர். இளநீர் வெட்டிக் கொடுத்தார். கடுவன் குட்டி ஒன்று உடம்பைவிட முந்தி வளர்ந்துவிட்ட காலோடு தடுமாறி வந்து, என் சேலைக் கொசுவத்தைக் கடித்து இழுத்தது. தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அதன் வயிறு சூடாக இருந்தது. பணம் கைப்பையில் இருந்தது.

“டீச்சருக்குச் சொந்த ஊரு எது?” என்றார்.

சொன்னேன்.

“அட, எங்க மாமனார் ஊருக்கு அடுத்த ஊருல்ல! ஊருக்குள்ள எந்தப் பக்கம்?”

இந்தக் கேள்வியைக் கல்லூரி விடுதியில் கேட்டிருக்கிறார்கள். வாடகைக்கு வீடு தேடியபோது கேட்டிருக்கிறார்கள். பொய் சொல்லத் தெரியும். சொல்லியும் இருக்கிறேன். அன்றைக்கு, மடியில் குட்டி இருந்த தைரியமோ என்னவோ, “கண்மாய்க்கு அந்தப் பக்கம்” என்று எங்கள் தெருவைச் சொன்னேன்.

அவருடைய சிரிப்பு மாறவில்லை. கை மட்டும் நீண்டு வந்து குட்டியை என் மடியிலிருந்து எடுத்தது.

“இந்தக் கடுவன ஏற்கெனவே ஒருத்தருக்குச் சொல்லிட்டேன் டீச்சர். மறந்தே போச்சு பாருங்க.”

“இன்னொரு கடுவன் நிக்கிதே?”

“அதையுந்தான். பொட்டக் குட்டி வேணா எடுத்துக்கங்க. காசெல்லாம் வேணாம். டீச்சருக்கு நம்ம அன்பளிப்பா இருக்கட்டும்.”

இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். எங்கள் ஊரில் எங்கள் தெருக்காரர்கள் கடுவன் நாய் வளர்க்கக் கூடாது. எங்கள் தெருக் கடுவன் பெரிய தெருக்காரர்களின் பெட்டை நாயோடு சேர்ந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் காரணம். எந்தக் காகிதத்திலும் எழுதாத சட்டம். சிறுமியாக இருந்தபோது எனக்கு இது தெரியாது. எங்கள் தெருவில் இருந்த நாய்கள் எல்லாம் பெட்டை. குட்டி போட்டால் கடுவன் குட்டிகள் கண் திறப்பதற்குள் காணாமல் போய்விடும். “கடுவன் நமக்குத் தங்காது” என்பார்கள், ஏதோ காய்ச்சலைச் சொல்வதைப் போல. நானும் அப்படித்தான் நம்பினேன்.

“போன்ல பேசும்போது ரெண்டும் இருந்துச்சுல்லண்ணே?” என்றேன். “தெருவச் சொன்னதும் வித்துப்போச்சா?”

“தப்பா எடுத்துக்கிறாதீங்க டீச்சர். எனக்கு அந்த மாதிரியெல்லாம் கிடையாது. ஆனா எந்தக் குட்டி யார்கிட்டப் போச்சுனு நாளைக்கு நாலு பேரு கேப்பாய்ங்க. நான் யாவாரம் பண்ணணும்ல?”

பாதி குடித்த இளநீரை அவர் காலடியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

பைக் நாலுவழிச் சாலையில் ஏறியதும் என் கணவர் சொன்னார்: “ஓசியாத் தர்றேன்னான்ல, வாங்கியிருக்கலாம். பொட்டையா இருந்தா என்ன? அந்தப் பத்தாயிரம் ஊசிச் செலவுக்கு ஆயிருக்கும்.”

வண்டியை நிறுத்தச் சொன்னேன். லாரிகள் மண்ணை வாரி இறைத்துக்கொண்டு போயின. ரோட்டு ஓரத்தில் நின்று கத்தினேன்.

“ஏங்க, என் தெருவுக்கு அந்தாளு போட்ட தள்ளுபடிங்க அது! அத வாங்கிட்டு வரச் சொல்றீங்களா?”

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. அவருடைய தாத்தா காலத்திலேயே மிஷன் பள்ளியில் வாத்தியார் வேலை கிடைத்து நகரத்துக்கு வந்துவிட்ட குடும்பம். ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, “இப்பவுமா?” என்றார்.

தோட்டக்காரர் மேல் வந்ததைவிட அதிகக் கோபம் அந்த ஒரு வார்த்தையின் மேல் வந்தது. நகரத்தில் நல்லவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு ஆச்சரியப்படுவதோடு அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது. “வா, திரும்பிப் போயி கேட்டுருவோம்” என்று வண்டியைத் திருப்பப் பார்த்தார். “சண்டையும் போட்டு, காசையும் குடுத்து, அந்தாளுகிட்டயே வாங்கணுமா? வீட்டுக்கு விடுங்க” என்றேன்.

வெறுங்கையோடு வந்ததைப் பார்த்து மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நடந்ததை அப்பாவிடம் சொன்னேன்.

“எம்புட்டுச் சேத்து வச்சிருந்தீங்க?” என்று கேட்டார்.

சொன்னேன்.

“நானும் ஒண்ணு வச்சிருந்தேன்த்தா. ஒங்கம்மாவக் கட்டுறதுக்கு முன்னாடி. கருப்பு. கடுவன்.”

நாற்பது வயதில் முதல்முறையாக இதைக் கேட்கிறேன். பகலெல்லாம் குடிசைக்குள் கட்டிவைத்து, இருட்டிய பிறகுதான் அவிழ்த்துவிடுவாராம். ஒருநாள் அறுத்துக்கொண்டு பெரிய தெருக்காரர்களின் களத்துமேட்டுக்கு ஓடிவிட்டது. ஊர் கூடுகிற மந்தைக்குக் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். அபராதம், அந்த அறுப்புக்கு அவருக்கு வரவேண்டிய கூலி நெல் முழுவதும். அதோடு, நாயை அவரே முடித்துவிட வேண்டும்.

“கயித்தக்கூட என்னையத்தான் கடையில போயி வாங்கியாரச் சொன்னாய்ங்க” என்றார். மாட்டுத் தீவன விலையைச் சொல்கிற குரலில்.

நான் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். யார் மேல் கோபம் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அந்த மந்தை மேல். கயிறு விற்றவன் மேல். அதை வாங்கிக்கொண்டு நடந்து போன அப்பா மேலும்தான். ஏன் செய்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். இருபது வயதுக் கூலிக்காரன் வேறு என்ன செய்திருப்பான்? கேட்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் மகளுக்கு ஷூ வாங்கக் கோரிப்பாளையம் போயிருந்தோம். செருப்புக் கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகளுக்கு இடையில் ஒரு தெருநாய் குட்டி போட்டிருந்தது. கடைக்கார பாய் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். மகள் அங்கேயே குந்திவிட்டாள்.

“தூக்கிட்டுப் போங்கம்மா. ரோட்டுல அடிபட்டுச் சாகாம ஒரு உசிராவது பொழைக்கட்டும்” என்றார்.

“இதுல கடுவன் எது பாய்?”

செம்மண் நிறத்தில் ஒன்றை எடுத்து நீட்டினார். என்னிடம் ஊரும் கேட்கவில்லை, தெருவும் கேட்கவில்லை.

அது வந்து ஒரு மாதம் ஆகவில்லை, முதல் ஊசி மட்டும் போட்டிருந்தோம், பார்வோ வந்துவிட்டது. குட்டி நாய்களைக் கொல்கிற வயிற்றுப்போக்கு. ரத்தமாகப் போயிற்று. துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஒரு தனியார் கிளினிக்குக்கு ஓடினோம். அப்பாவும் வந்தார். இளம் டாக்டர் குட்டியைத் தொடுவதற்கு முன்னால் எங்களைப் பார்த்தார்.

“நாட்டு நாய்தானே மேடம்? ட்ரிப்ஸ், ஊசினு நிறைய ஆகும். பொழைக்கிறதும் நிச்சயம் இல்ல. இதுக்குச் செலவு பண்றதுக்கு நல்ல ப்ரீடா ஒண்ணு வாங்கிறலாமே.”

“விலை இல்லாத குட்டினா உசிரும் விலை இல்லாததா டாக்டர்?” என்றேன். காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “எது நல்ல ப்ரீடுனு நான் உங்ககிட்டக் கேட்டனா? ட்ரிப்ஸ் போடுங்க.”

போட்டார். சேர்த்து வைத்திருந்த தொகை அந்த வாரத்திலேயே கரைந்தது. என் கணவர் முகம் சுளிக்காமல் ஒவ்வொரு பில்லையும் கட்டினார். அதற்காக அவரை, அந்த “இப்பவுமா”வைத் தவிர, மற்ற எல்லாவற்றுக்கும் மன்னித்தேன். தினமும் ட்ரிப்ஸ் இறங்கி முடியும்வரை குட்டியின் முன்னங்காலை ஆடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அப்பாதான். ஒருநாள் காலையில் அது தலையைத் தூக்கி அவர் பெருவிரலை நக்கியது. பிழைத்துவிட்டது.

அடுத்த வருடம் என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, தன் பேத்திக்குக் காதுகுத்து வைத்திருந்தார். அண்ணன் ஊரிலேயே இருப்பவர். குத்தகைக்கு நிலம் பிடித்து நெல் போடுகிறார். வாடகைக் காரில் கிளம்பினோம். நாயையும் ஏற்றினேன். அதற்குள் தொடை உயரம் வளர்ந்து, நெஞ்சு அகன்று, பார்க்கிறவர்கள் ஒதுங்கும்படி ஆகியிருந்தான்.

“வேணாம்த்தா” என்றார் அப்பா.

“ஏன் வேணாம்? அவன் என்ன தப்புப் பண்ணான்?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊர் முகப்பிலேயே இறங்கி, சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு, பெரிய தெரு வழியாக நடந்தேன். வேண்டுமென்றேதான். டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருவர், “கடுவனா டீச்சர்?” என்றார்.

“ஆமா. கடுவன்தான்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். இரண்டு மூன்று இளவட்டங்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். வேறொன்றும் நடக்கவில்லை. எதையோ ஜெயித்துவிட்டதைப் போல விருந்து சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினேன்.

இரண்டு நாள் கழித்து அண்ணன் போன் செய்தார்.

“தங்கச்சி, இனிமே வரும்போது நாய வீட்டுல விட்டுட்டு வா.”

“யாரும் எதுவும் சொன்னாய்ங்களாண்ணே?”

“எவனும் வாயத் தொறக்கல. கதிர் அறுக்குற மிசினு இன்னைக்கு வாரேன்னு சொல்லியிருந்தாய்ங்க. இப்ப வேற பக்கம் வேலை இருக்காம். எப்ப வரும்னு தெரியாதாம்.”

“புகார் குடுப்போம்ணே. நான் எழுதித் தாரேன்.”

“என்னான்னு எழுதுவ? மிசினு வரலைன்னா? நீ கார்ல ஏறிப் போயிருவ. நான்தான இங்க கெடந்து அறுக்கணும்?”

மழை இருட்டிக்கொண்டு வந்ததால், வெளியூரிலிருந்து கூடுதல் வாடகைக்கு மிஷின் கொண்டுவந்து அறுத்தார். கூடுதலாக ஆனதை நான் தருகிறேன் என்றதும், “நீயே வச்சிருத்தா” என்று போனை வைத்துவிட்டார். என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. தலைமுறைக்கொரு அபராதம். இந்த முறை நாய் என்னுடையது, அபராதம் கட்டியவர் அவர்.

இப்போது ஊருக்குப் போகும்போதெல்லாம் நாயை நகரத்தில் ஒரு காப்பகத்தில் விட்டுவிட்டுப் போகிறோம். நாளொன்றுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். என் கணவர் அதை மாதக் கணக்கில் நாய்ச் செலவு என்று சேர்க்கிறார். நான் ஒவ்வொரு முறையும் சண்டை போடுகிறேன்.

“இது நாய்க்கு ஆகுற செலவு இல்லைங்க.”

“பின்ன எதுல போடச் சொல்ற?”

அது எனக்கும் தெரியவில்லை.

போன மாதம் அண்ணன் வீட்டில் மறுபடி ஒரு விசேஷம். நாயைக் காப்பகத்துக்குக் கொண்டுபோகச் சங்கிலியை எடுத்தேன். அப்பா என் கையிலிருந்து அதை வாங்கி ஆணியில் மாட்டினார்.

“நான் வரலைத்தா. நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. நானும் இவனும் வீட்டுல இருக்கோம்.”

“சொந்த ஊரு விசேஷத்துக்கு வராம இருந்தா கேக்க மாட்டாகளாப்பா?”

“முட்டிவலின்னு சொல்லிரு.”

பந்தியில் எனக்கு எதிரில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் அப்பாவைக் கேட்டார்கள். முட்டிவலி என்றேன். ஒவ்வொருவரிடமும் சொன்னேன். எந்த ஆஸ்பத்திரி, என்ன தைலம் என்று அக்கறையாக விசாரித்தார்கள். அதற்கும் பொய் சொன்னேன். இலையில் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. அண்ணன் இரண்டாவது தடவை பரிமாற வந்தபோது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தேன்.