சேவியர் அங்கிளும் தண்ணீர் இறங்கிய வீடும்

செய்தி வந்தபோது நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்பாவின் கைத்தொலைபேசி மேசையில் அதிர்ந்தது. இடது கையால் எடுத்துக் காதில் வைத்தவர், "எங்கை? எப்ப?" என்று மட்டும் கேட்டார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சேவியர் போயிட்டான்" என்றார்.

ஒரு பிளாசாவின் கார்த் தரிப்பிடத்தில், ஓடிக்கொண்டிருந்த காருக்குள் மாரடைப்பு. வீடு பார்க்க வருவதாகச் சொன்ன ஒரு குடும்பத்துக்காக அவர் காத்திருந்திருக்கிறார். அவர்கள் வரவில்லை. அம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அப்பா கையைக் கழுவிவிட்டுக் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே அவர் அழுவது கேட்டது. அந்த அழுகை பொய்யில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இனி நான் எழுதப்போவதைப் படித்தால், அவர் அழுதிருக்கமாட்டார் என்று நினைப்பீர்கள்.

உங்களில் பலருக்கு சேவியர் அங்கிளை முதலில் பஸ் தரிப்பிட வாங்கில்களில்தான் தெரியும். நீல ரை கட்டி, கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிற அந்த வீடு விற்பனை விளம்பரம். ஒருமுறை யாரோ அவருடைய தலையில் கறுப்பு மையால் இரண்டு கொம்பு வரைந்துவிட்டார்கள். அவர் அந்த வாங்கிலிலேயே போய், தன் படத்துக்குப் பக்கத்தில் அதேபோலக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். "கொம்பு வைச்சவரிட்டை வீடு வாங்காதேங்கோ. பக்கத்தில இருக்கிறவரிட்டை வாங்குங்கோ" என்று கீழே எழுதியிருந்தார்.

அவர் என் ஞானத்தகப்பன். அப்பாவும் அவரும் மன்னாரில் ஒரே பள்ளிக்கூடம். கனடாவுக்கு வந்த புதிதில் ஒரே நிலவறையில் ஒரே மெத்தையில் மாறி மாறிப் படுத்தவர்கள். ஒருவருக்கு இரவு வேலை, மற்றவருக்குப் பகல் வேலை. எங்கள் வீட்டில் அவரோ அவருடைய மனைவி ஸ்ரெல்லா அன்ரியோ கதவு தட்டி நான் பார்த்ததில்லை.

வீடு விற்கிறவர் வீட்டைப் புகழவேண்டும். அவர் குறை சொல்லுவார். வாங்க வருகிறவர்கள் குசினிக்குள் போய்க் கல்மேடையைத் தடவிக்கொண்டிருக்க, இவர் வெளியே நின்று கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் ஓடும் பீலியை அண்ணாந்து பார்ப்பார். "எல்லாரும் குசினியைப் பாப்பினம். நான் பீலியைப் பாப்பன். தண்ணி எந்தப் பக்கத்தால போகுதெண்டு தெரிஞ்சால் வீட்டின்ர ஆயுள் தெரியும்" என்பார். அப்பா சிரிப்பார். "நீ ஏஜென்றோ, பாவசங்கீர்த்தனம் கேக்கிற சுவாமியோ?"

அவரோடு காரில் போனால் நேரத்துக்குப் போய்ச் சேரமுடியாது. பழைய கட்டடம் ஒன்றைக் கண்டால் வேகத்தைக் குறைத்துவிடுவார், பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள். மஃப்ளர் மாற்றுகிற கடையாகிவிட்ட ஒரு கல் பள்ளிக்கூடம். யன்னல்களுக்குப் பலகை அடித்து, கூரையில் மரக்கன்று முளைத்த ஒரு செங்கல் தேவாலயம். ஒஷாவாவுக்குப் போகிற வழியில், பாதி எரிந்தபடி விடப்பட்ட ஒரு விடுதி. "எங்கடை ஆக்கள் இந்த ஊருக்கு வயசில்லை எண்டு நினைக்கினம். நாங்கள் வந்து இறங்கின நாளில இருந்துதான் இது ஊர் எண்ட மாதிரி" என்று ஒருநாள் சொன்னார். பின்னால் இருந்த நான், எங்களுக்கு என்ன அதனால் என்று கேட்டேன். "அங்கை எங்கடை கோயிலை இடிச்சவன் எண்டு சொல்லி அழுறம். இங்கை இன்னொருத்தன்ர கோயில் விழுந்தால் பார்க்கிங்குக்கு இடம் வருமெண்டு பாக்கிறம்" என்றார்.

அஜின்கோர்ட்டில் பிளாசா ஒன்றின் பின்புறம் நிற்கும் வீட்டை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். பேக்கரியில் மாலுபான் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, குப்பைத் தொட்டிகளுக்கு மேலால் தெரியும். சிவப்புச் செங்கல், மூலைகளில் மட்டும் வெளிர் மஞ்சள் செங்கல், நடுவில் கூரான முகட்டுக்குக் கீழே கூரான ஒரு யன்னல். சுற்றிலும் வயலாக இருந்த காலத்தில் கட்டியது. இடிக்கக்கூடாத கட்டடங்கள் என்று நகரசபை வைத்திருக்கும் பட்டியலில் அதுவும் இருந்தது. அதைக் கட்டிய குடும்பத்தின் கடைசி ஆள், வயதான ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, அதைக் கட்டட நிறுவனங்களுக்கு விற்க மறுத்து வந்தார். தன் சிநேகிதன் அதைத் திருத்தி அதிலேயே இருப்பான் என்று சேவியர் அங்கிள் வாக்குக் கொடுத்ததால்தான் அப்பாவுக்கு விற்றார்.

அந்த வாக்கு கொடுத்த அன்று நானும் போயிருந்தேன். அந்தப் பெண்மணி எங்களுக்குத் தேநீர் தந்தார். எந்தக் கதவைப் பனி விழும் மாரியில் தூக்கித் திறக்கவேண்டும், எந்தப் படியில் காலை வைத்தால் சத்தம் வரும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். உண்மையாகவே இங்கே இருப்பீர்களா என்று அப்பாவைக் கேட்டார். அப்பா என் தோளில் கையை வைத்து, மேலே கூரான யன்னல் உள்ள அறை என் மகளுக்கு என்றார். நான் மேலே ஓடிப்போய்ப் பார்த்தேன். யன்னலில் பழைய கண்ணாடி. அதற்குள்ளால் பார்த்தால் வெளியில் நின்ற மேப்பிள் மரம் தண்ணீருக்குள் நிற்பதுபோல நெளிந்தது. கட்டிலை எந்தச் சுவரோடு போடுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அப்பா கட்டட வேலை செய்கிறவர். நகரத்தில் பாதித் தமிழருடைய நிலவறைகளை அவர்தான் அறைகளாக்கிக் கொடுத்தார். வீட்டைக் காப்பாற்ற என்ன செய்யவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் என்ன செய்யாமல் விடவேண்டும் என்பதும் தெரியும். வாங்கிய முதல் மாரியில் அவர் வீட்டின் வெப்பத்தை நிறுத்தினார்; குழாய்த் தண்ணீரை நிறுத்தவில்லை. கனடாவில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பீலிகளைத் திருத்தக் கழற்றினார், திரும்பப் பூட்டவில்லை. பரணில் ஒரு யன்னல் திறந்தே கிடந்தது. அந்த நிலத்தில் புதிதாகக் கட்டச் சேர்ந்திருந்த யாரோ ஒரு தொழில் பங்காளியிடம் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தார். "நாங்கள் ஒரு கல்லும் புடுங்கத் தேவையில்லை. தண்ணி பாக்கும்."

பனி உருகத் தொடங்கியபோது சேவியர் அங்கிள் அந்த வீட்டைப் பார்க்கப் போனார். அங்கிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் குசினிவரை வந்ததை அன்றுதான் கண்டேன். குழாய் வெடித்து, மேல்மாடியில் இருந்து படிக்கட்டு முழுவதும் பனிக்கட்டியாக உறைந்து கிடக்கிறது என்றார். சுவர்ச் சாந்து கைபட்டவுடன் விழுகிறது என்றார்.

"உது விபத்து மச்சான்" என்றார் அப்பா.

"விபத்தெண்டால் நீ எனக்கு ஃபோன் எடுத்திருப்பாய்."

"காசு போட்டது நான். உனக்கு என்ன நட்டம்?"

"அந்த மனிசிக்குச் சொன்னது நான். உன்ர வாய் இல்லை, என்ர வாய்."

அப்பா அவரைக் கேலி செய்தார். வெள்ளைக்காரியின் பேரன் மாதிரிக் கதைக்காதே என்றார். சேவியர் அங்கிள் சிரிக்கவில்லை. வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "உன்ர அறையும் போச்சுது பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

அந்தக் கோடையில் புகைபோக்கியில் இருந்து செங்கற்கள் கழன்று பிளாசாவின் தரிப்பிடத்தில், ஒரு காரின்மேல் விழுந்தன. நகரசபையில் இருந்து ஒரு அதிகாரி வந்தார். பள்ளிக்கூடத்தில் இருந்து என்னை ஏற்றிவந்த அப்பா, வழியில் அங்கே நிறுத்தினார். நான் காரை விட்டு இறங்கி அவருக்குப் பின்னால் நின்றேன். பிளாசாவின் மனேஜரும் அங்கே நின்றார். நகரசபைக்கு அழைத்தது தான்தான், படங்களை அனுப்பியதும் தான்தான், யாராவது சாகும்வரை காத்திருக்கமுடியாது என்று அவர் அப்பாவின் முகத்துக்கு நேரே சொன்னார். அதை அப்பா காதால் கேட்டார். நானும் கேட்டேன். அங்கே வேறு தமிழர் யாரும் இல்லை.

காரில் ஏறியதும் அப்பா, "உதை ஒருத்தருக்கும் சொல்லாதை" என்றார். முறைப்பாடு வந்ததை வெளியில் சொல்லவேண்டாம் என்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது அவரே அதைச் சொன்னார். நகரசபைக்கு யாரோ அறிவித்துவிட்டார்கள் என்றார். யார் என்று கேட்டவர்களுக்கு, "ஆரெண்டு எனக்குத் தெரியும். ஒரே மெத்தையில படுத்தவன். பேர் சொல்ல விருப்பமில்லை" என்றார். அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மிச்சத்தை நீங்கள் சொன்னீர்கள்.

காட்டிக்கொடுத்தவன். நான் இங்கே பிறந்தவள். எனக்கு அந்தச் சொல் அகராதியில் உள்ள ஒரு சொல்தான். ஆனால் அதை மண்டபத்தில் சொன்னபோது பெரியவர்கள் குரலைத் தாழ்த்தியதைப் பார்த்தேன். ஊரில், சண்டைக் காலத்தில், அந்தச் சொல்லால் ஆட்கள் செத்திருக்கிறார்கள் என்று அம்மா பிறகு சொன்னார். அவ்வளவு பாரமான ஒரு சொல்லை, உடைந்த புகைபோக்கியைப் பற்றிய ஒரு முறைப்பாட்டுக்காக, அதுவும் அவர் செய்யாத முறைப்பாட்டுக்காக, அவர்மேல் வைத்தீர்கள்.

பூசையில் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரம் வரும்போது, அவருக்கு முன்னால் இருந்தவர்கள் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர் நீட்டிய கையை மெல்ல மடித்துப் பாட்டுப் புத்தகத்தை எடுப்பார். நான் ஒருமுறை வாங்கிலைவிட்டு வெளியே வர எழுந்தேன். அம்மா என் கோட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். உங்களில் சிலர் அவர் மூலம் விற்க இருந்த வீடுகளை வேறு ஏஜென்றுக்குக் கொடுத்தீர்கள். சிலர் வருவதாகச் சொல்லி அவரைக் காத்திருக்கவைத்துவிட்டு வராமல் விட்டீர்கள். அது பகிடி என்று ஒருவர் மண்டபத்தில் சொல்லிச் சிரித்தார்.

கடைசியாக அவரோடு கதைத்தது கோயில் தரிப்பிடத்தில். அம்மா யாருடனோ கதைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவருடைய காருக்குப் பக்கத்தில் போய், அழைத்தது யார் என்று எனக்குத் தெரியும் என்றேன். நீங்கள் செய்யவில்லை என்று ஏன் சொல்லக்கூடாது என்று கேட்டேன்.

"நான் செய்யேல்லை எண்டு சத்தியம் பண்ணினால், செய்தது பிழையெண்டு ஒப்புக்கொண்ட மாதிரி. அது பிழையில்லை பிள்ளை. நான்தான் முதல் ஃபோன் அடிச்சிருக்க வேணும். உன்ர அப்பன்ர முகத்துக்காக விட்டிட்டன்." பிறகு, "நீ உதை வீட்டில கதைக்காதை. நீ அங்கைதான் இருக்கவேணும்" என்றார்.

செத்தவீட்டில் உங்கள் எல்லோரையும் கண்டேன். வரிசை வெளிக்கதவுவரை நின்றது. எவ்வளவு நேர்மையான மனிதர், எங்களுக்கு முதல் வீடு எடுத்துத் தந்தவர் என்றீர்கள். அப்பா பெட்டியின் முன்பக்கம் பிடித்தார். அதற்கு முன், ஸ்ரெல்லா அன்ரி, உங்களையும் கண்டேன். நீங்கள் எழும்பி வந்து அப்பாவின் இரண்டு கையையும் பிடித்தீர்கள். "அவர் உங்களுக்குச் செய்த பிழையை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. அந்தப் பாரத்தோட அவரை அனுப்பேலாது" என்றீர்கள். நான் பக்கத்தில் நின்றேன். இப்போதாவது சொல்லுவார் என்று அப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அதை விடு தங்கச்சி" என்றார் அப்பா. "நான் எப்பவோ மறந்திட்டன்."

போன கிழமை அந்த வீட்டைச் சுற்றிக் கம்பிவேலி போட்டுவிட்டார்கள். ஆபத்தான நிலையில் இருப்பதால் இடிக்கலாம் என்று அனுமதி கிடைத்துவிட்டது. கூரான யன்னலில் இப்போது கண்ணாடி இல்லை. தண்ணீர் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது. அப்பா, நகரசபையின் பட்டியலில் இருந்த ஒரு வீட்டையும், அதைப் பற்றிக் கேட்கக்கூடிய ஒரே மனிதனையும், ஒரு கல்லும் பிடுங்காமல் விழுத்திவிட்டார்.

சேவியர் அங்கிளின் முப்பத்தோராம் நாளுக்கான நினைவு மலரில் எங்கள் குடும்பத்தின் அஞ்சலியை அப்பா என்னைத்தான் எழுதச் சொன்னார். "உன்ர தமிழ்தான் நல்லம்" என்றார். ஒரே பள்ளிக்கூடம், ஒரே மெத்தை, உடன்பிறவாத சகோதரன். அவர் சொன்னதெல்லாம் எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இது அதுவல்ல. இதை எல்லோரும் படுத்த பிறகு, போர்வைக்குள் கைத்தொலைபேசியில் எழுதுகிறேன். படிக்கட்டில் சத்தம் கேட்டால் திரையை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். அப்பா ஒருநாளும் எனக்குக் கை ஓங்கியதில்லை. ஆனாலும் பயமாக இருக்கிறது. இது தெரிந்தபின் அவர் என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்று எனக்குத் தெரியும்.

சேவியர் அங்கிளிடமிருந்து என்னிடம் மிஞ்சியது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். அவருக்குக் கொடுக்காமல் விட்ட ஒரு கைகுலுக்கல் மிஞ்சியிருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. என் ஞானஸ்நானத்தில் சுவாமி கேட்ட கேள்விகளுக்கு, வாய் திறந்து பேசமுடியாத எனக்காக அவர்தான் பதில் சொன்னார். தீமையை விட்டுவிடுகிறாயா என்று கேட்டபோது, விட்டுவிடுகிறேன் என்று என் பெயரில் சொன்னவர் அவர். இப்போது பேசமுடியாதவர் அவர்.

ஆகவே அவருக்காகச் சொல்கிறேன். நகரசபைக்கு அழைத்தது சேவியர் அங்கிள் இல்லை. அது என் அப்பாவுக்கு அன்றே தெரியும். ஸ்ரெல்லா அன்ரி, நீங்கள் கேட்ட மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். இதை நாளைக்கு உங்களுக்கு மட்டும் அனுப்புகிறேன். மலரை அச்சுக்குக் கொடுப்பது நீங்கள்தானே; அப்பா சொல்லி எழுதியதற்குப் பதிலாக இதை வைத்து, என் முழுப் பெயரையும் போடுங்கள். அந்த மண்டபத்தில் எல்லோரும் மலரை விரித்து வாசிக்கும்போது, நான் அப்பாவுக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருப்பேன்.