ஐயா அவிழ்க்காத முடிச்சு

மயிலிட்டிக் கரையில் பிறந்து, இடம்பெயர்ந்து உடுப்பிட்டியில் பல ஆண்டுகள் இருந்து, திரும்பவும் அதே கரையில் கண்மூடிய எங்கள் தகப்பனாரை நாங்கள் ஐயா என்றே அழைத்தோம். இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் அவரைச் சாந்தசொரூபி என்று எழுத எனக்கும் ஆசைதான். பழகிய நீங்கள் சிரிப்பீர்கள். ஐயா எவரையும் இலேசில் நம்பாதவர். காற்றையும் நம்பமாட்டார், வானொலியில் காற்றைப் பற்றிச் சொல்பவரையும் நம்பமாட்டார்.

வள்ளத்தைக் கடலில் கட்டி நிறுத்துவதில் அந்தக் குணம் அவருக்கு உதவியது. நங்கூரம் பிடித்துவிட்டதா என்று கயிற்றை இழுத்துப் பார்த்த பின்பும், கரையிலுள்ள இரண்டு பனைகளைக் கண்ணுக்கு ஒரே நேர்கோட்டில் வைத்து, வள்ளம் நகர்கிறதா என்று அரைமணி நேரம் பார்த்து நிற்பார். அமைதியான கடலுக்கு ஆழத்தைப்போல் மூன்று மடங்கு கயிறு, வாடைக்காற்றுக்கு ஏழு மடங்கு. கயிறு நீளம் காணாமல் கட்டையானால் வள்ளம் துள்ளும்போது நங்கூரம் கிளம்பிவிடும் என்பார். எங்களைப் படிக்கவைத்தது அந்த ஒரு வள்ளம்தான்.

அம்மாவின் தம்பியான எங்கள் மாமாதான் ஒருமுறை ஐயாவின் வலையை அறுத்தவர் என்று ஐயா முடிவுகட்டியிருந்தார். சாட்சி ஒன்றும் இல்லை. கடைசிவரை இருவருக்கும் கதை பேச்சும் இல்லை. நடுவில் அம்மா பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

கண்புரைச் சத்திரசிகிச்சைக்கு ஐயா யாழ்ப்பாணம் போயிருந்தபோது காற்று திடீரென்று எழும்பியது. வள்ளம் மூன்று மடங்குக் கயிற்றில்தான் நின்றது. அது போனால் எங்களுக்குச் சோறில்லை. மறுநாள் ஒரு கண்ணில் கட்டோடு வந்து இறங்கினார். மூன்று வள்ளங்கள் கல்லில் மோதி உடைந்து கிடந்தன. எங்களுடையது நின்றது. கயிற்றை இழுத்துப் பார்த்தால், அதோடு இன்னொரு நீளக் கயிறு இணைக்கப்பட்டிருந்தது. முடிச்சின் நுனியை மடித்து வலைநூலால் சுற்றியிருந்தார்கள். வேறொருவர் என்றால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்.

"என்ரை கயித்திலை ஆர் கை வைச்சது?" என்றார் ஐயா.

அதன்பின் கரையில் நின்ற வள்ளங்களின் முடிச்சுகளையெல்லாம் உளவுக்காரர்போல் பார்த்துத் திரிந்தார். மாமாவின் வள்ளத்தின் பக்கம் மட்டும் போகவில்லை. பிறர் கட்டிய எதையும் அவிழ்த்துத் தன் கையால் திரும்பக் கட்டுகிறவர், அந்த முடிச்சை மட்டும் கடைசிவரை அவிழ்க்கவும் இல்லை.

செத்தவீட்டன்றும் காற்று பலம். நானும் ஐயாவின் மகள்தானே, பந்தல் கயிறுகளை ஒவ்வொன்றாய் இழுத்துப் பார்த்தேன். எல்லா முடிச்சிலும் நுனி மடித்து வலைநூல் சுற்றியிருந்தது. விடியவே வந்து பந்தலைக் கட்டிவிட்டுப் வாசல் படலைக்கு வெளியே நின்றவர் மாமா.

"அண்டைக்கு வள்ளத்துக்குக் கயிறு கூட்டினது நீங்களோ மாமா?"

"ஓம் பிள்ளை. சொல்லியிருந்தா அவிட்டு எறிஞ்சிருப்பார்."

அதுவரை வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது. இப்போது ஒரு சந்தேகம். அது யார் கட்டிய முடிச்சு என்று ஐயாவுக்கு அன்றே தெரிந்திருக்கும். தெரிந்தபடியால்தான் மாமாவின் வள்ளத்தைப் போய்ப் பார்க்கவில்லை போலும்.

ஐயாவைப் பராமரித்த வைத்தியர்கள், தாதியர், எங்களுக்குச் சோறு கறி கொண்டுவந்த அயலவர்கள், தோள் கொடுத்த கடற்றொழிலாளர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமா, ஐயா உங்களுக்குச் சொல்லாமல் போனதை நான் சொல்கிறேன். நன்றி. இனிமேல் படலைக்கு வெளியே நிற்க வேண்டாம்.

மூத்த மகள்