அனுப்பவா, அழிக்கவா?

இன்று மாலை லஸ் பஸ் ஸ்டாப்பில் என் வகுப்புத் தோழி பர்வீன் அழுதுவிட்டாள்.

அவளுக்குப் பார்வை கிடையாது. திரையில் இருப்பதைப் போன் வாசித்துச் சொல்லும். அதைக் கேட்டுக்கொண்டே என்னைவிட வேகமாகத் தட்டுவாள்.

கட்டுரைப் போட்டிக்கு ஐந்து மணியோடு கடைசி. கட்டுரை முழுவதையும் இணையப் பக்கத்தில் ஏற்றிவிட்டாள். பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி.

"இன்னாடி இது, 'அழி'ன்னு சொல்லுது?"

"'அனுப்பு'ன்னுதான்டி எழுதியிருக்கு. தைரியமா அழுத்து."

"பக்கத்துப் பொத்தானும் 'அழி'ங்குது. போன் என்கிட்ட பொய் சொன்னதே இல்ல. நீதான் கணக்கு பரீட்சை ஈஸின்னு சொன்னவ."

கெஞ்சினேன். கடைசியில், "என்னமோ பண்ணு" என்று போனை நீட்டினாள். அழுத்தினேன்.

நேரம் முடிந்துவிட்டது என்று வந்தது.

பஸ்ஸில் தேடிப் படித்தேன். வலைப்பக்கத்தில் டிக் போட்ட ஒரு பெட்டியை, பக்கத்தின் கோடில் 'டிக் இல்லை' என்று மறைவாக எழுதினாலும், உலாவி, அதாவது பிரவுசர், பெட்டியைத்தான் நம்புமாம். பொத்தானின் பெயருக்கு மட்டும், வாசிக்கும் குரலுக்காக மறைவாக எழுதியதே ஜெயிக்குமாம். யாரோ 'அழி' பொத்தானை நகலெடுத்து, வெளியே தெரியும் பெயரை மட்டும் 'அனுப்பு' என்று மாற்றியிருக்கிறார்கள்; மறைவான பெயர் 'அழி' என்றே நின்றுவிட்டது.

போட்டி நடத்துகிறவர்களுக்குப் போன் செய்து சொன்னேன்.

"எங்களுக்கு 'அனுப்பு'ன்னு தெளிவாத் தெரியுதேம்மா" என்றார் ஒரு சார்.

இனி யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை.

வலைப்பக்கம் செய்கிற அண்ணன்களே, அக்காக்களே, ஒரே ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு உங்கள் பக்கத்திலிருந்து எதையாவது அனுப்பிப் பாருங்கள். போய்ச் சேர்ந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.