காரில் ஐந்து பேர்

அறுபதுகளின் நடுவில் ஒரு மே மாதம். அலுவலக நண்பர் ஒருவர் ஊருக்குப் போகும்போது தன் ஃபியட் காரை என்னிடம் விட்டுப்போகச் சம்மதித்தார். "அஞ்சு பேருக்கு மேல ஏத்தாதீங்கோ, மலை ஏத்தத்துல திணறும்" என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை. மாதுங்கா வீட்டில் நாங்கள் சரியாக ஐந்து பேர்: நான், மனைவி, பதினாறு வயது மகள், பதின்மூன்று வயது மகன், அப்புறம் என் அண்ணாவின் பெண். அவளுக்குப் பதினைந்து. பாலக்காட்டில் அண்ணாவுக்கு வேலை போனதும் படிப்புக்காக எங்களிடம் வந்தவள். வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

மகாபலேஷ்வருக்கு மூன்று நாள் என்று முடிவு செய்து, வழியில் இருக்கும் கோயில்களையெல்லாம் வரிசையாக எழுதிப் படித்துக் காட்டினேன். பிள்ளைகளின் முகம் தொங்கிப்போயிற்று.

"போறது நீங்க மட்டுமா? அதுகளையும் ஒரு வார்த்தை கேளுங்கோ" என்றாள் மனைவி.

கேட்டேன். மகனுக்குப் பஞ்ச்கனியில் குதிரை ஏற வேண்டும். மகளுக்கு யாரும் தொந்தரவு செய்யாத இடத்தில் உட்கார்ந்து புத்தகம் படிக்க வேண்டும். அண்ணா பெண் கொஞ்சம் தயங்கிவிட்டு, "கண்டாலாவுல மேலேர்ந்து பார்த்தா ரயில் குகைக்குள்ளேர்ந்து வர்றது தெரியுமாமே, அதைப் பார்க்கணும் சித்தப்பா" என்றாள்.

திட்டம் போடும் பொறுப்பை மூன்று பேரிடமும் கொடுத்தேன். ஆனால் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தவள் அவள்தான். தரையில் வரைபடத்தை விரித்துத் தாணே, மும்ப்ரா, பன்வேல், கோபோலி என்று ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்தாள். என் மகனைக் கூட்டிக்கொண்டு வடாலாவில் லாரிகள் நிற்கும் இடத்துக்குப் போய், டிரைவர்களிடம் இந்தியில் மலைப்பாதையைப் பற்றி விசாரித்து வந்தாள். மலையடிவாரத்தில் இருக்கும் கோபோலியில் இரண்டு டப்பாவில் தண்ணீர் பிடித்துக்கொள்ள வேண்டும், பாதி ஏற்றத்தில் நிறுத்தி இஞ்சினை ஆறவிட வேண்டும் என்றெல்லாம் நான்கு பக்கம் எழுதினாள். யார் எப்போது ஜன்னல் ஓரம் என்பதற்குக்கூட முறை வைத்திருந்தாள். ஒரு வாரம் வீட்டில் சண்டையே இல்லை.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு என் அக்காவின் கணவர் மெட்ராஸிலிருந்து வேலையாக வந்தார். பெரிய பதவியில் இருப்பவர். "நீ கார் ஓட்டுவியா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்றது. "நீங்களும் வாங்கோ அத்திம்பேர், மகாபலேஷ்வர் போறோம்" என்று சொல்லிவிட்டேன். அவர் கேட்கவே இல்லை. நானாகத்தான் கூப்பிட்டேன். அவரும் உடனே சரி என்றுவிட்டார்.

அன்று சாயங்காலம் சமையலறையில் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். "அப்போ ஆறு பேர் ஆயிடுத்தே" என்றாள். அண்ணா பெண் அங்கே தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "நான் வரலை சித்தப்பா. எனக்குக் கார்ல போனா வாந்தி வரும். பக்கத்தாத்து மாமியோட இருந்துக்கறேன்" என்றாள்.

அவள் அதுவரை காரில் ஏறியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் செம்பூருக்குப் பாட்டு வகுப்புக்குப் போகும்போது டபுள் டெக்கர் பஸ்ஸின் மாடியில் உட்கார்ந்து, போக வர புத்தகம் படிக்கிறவள். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும், "அப்படியா? சரி, உன் இஷ்டம்" என்றேன்.

அந்தக் காலத்தில் ஃபியட்டில் ஏழு பேர்கூடப் போவார்கள். ஒடிசலான ஒரு பெண்ணை எங்காவது இடுக்கி உட்காரவைத்திருக்கலாம். அத்திம்பேருக்கு நெருக்கடியாக இருக்குமே என்று நினைத்தேன். அதுதான் உண்மை.

கோபோலி தாண்டி ஏறும்போது கார் கொதித்து நின்றது. என் மகன் அவள் எழுதிய தாளைப் பார்த்துவிட்டு, பின்னாலிருந்து தண்ணீர் டப்பாக்களை எடுத்து வந்தான்.

"பிளானிங் பிரமாதம்டா!" என்று அத்திம்பேர் என் தோளில் தட்டினார். நான் சிரித்தேன்.

"அப்பா இல்லை மாமா, அவதான் எல்லாம் எழுதினா" என்றான் மகன்.

"அப்புறம் ஏன் அவளை அழைச்சுண்டு வரலை?"

"அவளுக்குக் கார்ல வாந்தி வரும்" என்றேன்.

மகள் என்னை நேராகப் பார்த்தாள். "அவளுக்கா?" என்றாள்.

கண்டாலாவில் நாங்கள் ஓரமாக நின்றிருந்தபோது, கீழே பள்ளத்தாக்கில் ஒரு ரயில் குகையிலிருந்து வெளியே வந்தது. மகன் "அதோ!" என்று கத்தினான். உடனே வாயை மூடிக்கொண்டான். ரயில் அடுத்த குகைக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றோம். அத்திம்பேர் மட்டும் ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தோம். அவள் ரசம் வைத்து, அப்பளம் பொரித்துக் காத்திருந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள், "கோபோலியில தண்ணி பிடிச்சுண்டேளா சித்தப்பா?" என்று கேட்டாள்.

"பிடிச்சோம். அது இல்லேன்னா மாட்டிண்டிருப்போம்" என்றேன். அவள் முகம் அப்படி மலர்ந்தது. அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. லோனாவ்லாவில் வாங்கிய சிக்கி என்கிற கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை அவள் கையில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

சாப்பிடும்போது, "ரயிலைப் பார்த்தேளா?" என்று பிள்ளைகளிடம் கேட்டாள்.

"எங்கே பார்க்கறது? ஒரே மூட்டம்" என்றாள் என் மகள். மகனும், "ஆமாம், ஒண்ணுமே தெரியலை" என்று தலையாட்டினான். மூன்று நாளும் வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. இரண்டு பேரும் வழியிலேயே பேசிவைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அடுத்த வருஷம் பள்ளிப் படிப்பை முடித்ததும் அண்ணா அவளை ஊருக்கு அழைத்துக்கொண்டார். இரண்டு வருஷத்தில் கல்யாணம் ஆயிற்று. கல்யாணத்துக்குப் போனேன், நமஸ்காரம் செய்தவளை ஆசீர்வாதம் செய்தேன். சொல்ல நினைத்ததைச் சொல்லவில்லை. கடிதத்தில் எழுதலாம் என்று ஒருமுறை உட்கார்ந்து, மழையைப் பற்றி எழுதி அனுப்பினேன்.

மனைவி ஒருநாள் சொன்னாள்: "நீங்க அன்னிக்கு ஒரு வார்த்தை, 'நீயும் வா'ன்னு சொல்லியிருக்கலாம்."

"நீ சொல்லியிருக்கலாமே" என்றேன் வெடுக்கென்று.

அன்று சமையலறையில் மனைவியும் இருந்தாள் என்பது உண்மைதான். ஆனால் அத்திம்பேரைக் கூப்பிட்டது அவள் இல்லை.