கடிதம் வைக்காமல் அனுப்பிய படம்

எங்கள் அண்ணா வடமராட்சியில் பிறந்து, டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் கண்மூடினார். அப்பா இறந்தபின் எங்களை வளர்த்தவர் அவரே. நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த ஊரிலும் நிலைக்காதவன். ஆனாலும் அவருடைய நினைவு மலருக்கு இந்தக் கட்டுரையை எழுதும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன்.

அண்ணா படங்களில் நடித்தவர் என்பது பலருக்குத் தெரியாது. இலங்கையிலிருந்த அண்ணியையும் பிள்ளைகளையும் டென்மார்க்குக்கு அழைக்கக் கொடுத்த விண்ணப்பம், மற்றத் தமிழருடையதைப் போலவே, ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்த காலம் அது. தொழிற்சாலையில் கூட வேலை செய்த டேனிஷ்காரர் ஒருவர் ஞாயிறுகளில் மணல் தோண்டிய பள்ளமொன்றில் கௌபாய்ப் படம் எடுப்பார். அண்ணாவின் நிறத்தைப் பார்த்துச் செவ்விந்தியராக்கினார். தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட அது மேல் என்று அண்ணா போனார். குதிரை ஏறப் பழகினார், பிறகு விழப் பழகினார். ஏழு படங்கள். ஏழிலும் சுடப்பட்டு இறந்தார்.

"என்ன அண்ணை, இண்டைக்கும் சாகவோ போறியள்?" என்று கேலி செய்வேன்.

"ஓமடா. காலமை ரெண்டுதரம், சாப்பிட்டாப்போலை ரெண்டுதரம்."

கடைசிப் படத்தில் அவர்தான் செவ்விந்தியத் தலைவர். கழுத்துவரை போர்வை மூடிக் கிடக்க, சுற்றிலும் ஆட்கள் தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்து நிற்கும் புகைப்படமொன்றைத் தந்தார்கள். "அண்ணிக்கு விளக்கமா ஒரு கடிதம் எழுதி, இதையும் வைச்சு அனுப்படா" என்று என்னிடம் கொடுத்தார். எனக்கு எழுதப் பஞ்சி, சோம்பல். அன்றே ஸ்கீவ என்ற ஊரில் புது வேலைக்குப் போகவேண்டும். படத்தை மட்டும் உறையில் போட்டு அனுப்பிவிட்டேன்.

செத்தவீட்டில் படம் எடுத்துத் தூரத்து உறவுகளுக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். அண்ணாவின் நெற்றியில் பூசியிருந்த வெள்ளைக் கோடுகள் திருநீறு போலவே இருந்தன. அண்ணி தாலியைக் கழற்றினார். மூத்தவன் மொட்டையடித்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்தது. கணவர் இறந்துவிட்டார், இனி நாங்கள் வரவில்லை என்று அண்ணி அதிகாரிகளுக்கு எழுதினார். விண்ணப்பத்தை மூடிவிட்டார்கள்.

அதிகாரிகளின் கடிதம் வந்து விஷயம் தெரிந்ததும், அண்ணி தங்கியிருந்த கொழும்புக்கு அண்ணா தொலைபேசி எடுத்தார். அண்ணியின் அழுகை பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"ஆரப்பா அந்தப் படத்தை அனுப்பினது?"

அண்ணா என்னைப் பார்த்தார். "நான்தான். விசர்த்தனமா அனுப்பிப்போட்டன்."

மறுபடி விண்ணப்பித்து அவர்கள் வந்துசேர்ந்தபோது, கடைக்குட்டி அப்பாவைத் தெரியாமல் அண்ணியின் பின்னால் ஒளிந்தான். அண்ணா பிறகு நடிக்கவில்லை. "உங்கட நடிப்பாலை நான் வெள்ளைச்சீலை கட்டினனான்" என்று அண்ணி சொல்லும்போதெல்லாம் அண்ணா சிரிப்பார். நான் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியேறுவேன். அப்படியே ஊர் ஊராகப் போனேன்.

மருத்துவமனையில் கடைசியாகக் கண்டபோதும், "சொல்லிப்போடாதை. அவள் உனக்குச் சோறு போடமாட்டாள்" என்றார்.

அவரைக் கடைசிவரை பராமரித்த தாதிமாருக்கும், சமைத்துக் கொண்டுவந்தவர்களுக்கும், தூரத்திலிருந்து கார் ஓட்டி வந்து தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் நன்றி.

அண்ணி, அந்தப் படத்தை அனுப்பியவன் நான். அதோடு வைக்க வேண்டிய கடிதம் இதுதான்.